எந்த மணிக்குத் திரும்புவது?

நவம்பர் 6, வியாழன், கடலூர்

மாலை ஐந்து மணிக்கு மேல் அவசர அழைப்பு. எங்கள் ஐரோப்பிய வங்கி வாடிக்கையாளர் ஒருவரின் மெயின்பிரேமில் (கணக்குகள் ஓடும் பெரிய கணினியில்), நேற்று இரவு ஓடிய வட்டிக் கணக்கு நிரல் ஒரே வட்டியை இருமுறை சேர்த்திருக்கிறது. காலையில் கிளைகள் திறந்து, அந்தத் தவறான இருப்பின் மேலேயே வரவு செலவும் நடந்திருக்கிறது.

“இரண்டாவது தளத்தில் அப்படியே ஒரு பிரதி இருக்கிறதே, அதற்கு மாறினால் என்ன?” என்றார் ஒரு மேலாளர். இதைக் கேட்காத மேலாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அங்கேயும் எழுதி முடித்த பிறகுதான் இங்கே நிரலுக்குச் ‘சரி’ என்ற பதிலே போகும். தீயோ வெள்ளமோ வந்தால் அந்தப் பிரதி காப்பாற்றும். தவறான வட்டியை அது ஒரு பைசா பிசகாமல் நகலெடுத்து வைத்திருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

நல்லவேளையாக ஸ்னாப்ஷாட்கள், அதாவது அந்தந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைத்த நகல்கள், இருக்கின்றன. ஐபிஎம்மின் டிஎஸ்8000 வட்டுப் பெட்டிகளுக்கு 2018இல் வந்த வசதி இது. ஒரு வால்யூமுக்கு (தனிப் பெயருள்ள ஒரு வட்டுக்கு) 500 நகல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். எந்தக் கணினியும் அவற்றை நேரடியாகப் படிக்கவோ அழிக்கவோ முடியாது. படிக்க வேண்டுமென்றால் வேறொரு வால்யூமில் மீட்டெடுக்க வேண்டும். நகல் எடுப்பது நொடி வேலை. காரணம், முழு வட்டையும் அது எடுப்பதில்லை. வட்டின் ஒரு சிறு துண்டான டிராக்கில் புதிதாக எழுத வரும்போது, பழைய டிராக்கை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது.

இவர்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு நகல் எடுக்கிறார்கள். அங்கே நள்ளிரவு 12 மணி, நமக்கு விடியற்காலை 4.30. அந்த நகலே போதும், வட்டி வேலை நள்ளிரவுக்குப் பிறகுதான் தொடங்கியது என்று நிரலாளர்கள் அடித்துச் சொன்னார்கள். வேலைப் பதிவைத் திறந்து பார்த்தேன். தொடக்க நேரம் 23.52.

தகராறு முழுவதும் இந்த எட்டு நிமிடத்தில்தான்: நள்ளிரவு நகல் எடுக்கும்போதே வட்டி வேலை எழுதத் தொடங்கியிருந்தது. அந்தக் கோப்பு, விசாம் என்ற பழைய மெயின்பிரேம் வகைக் கோப்பு. இரவு வேலை அதில் எழுதும்போது, திரும்பிச் செல்ல உதவும் லாக் (மாற்றங்களின் பதிவு) எதுவும் எழுதப்படுவதில்லை.

நவம்பர் 8, சனி

நள்ளிரவு நகலையும் இரவு 8 மணி நகலையும் மீட்டெடுத்து, தனியாக ஒதுக்கிய பகிர்வில் (மெயின்பிரேமுக்குள் தனிக் கணினிபோல ஓடும் பகுதியில்) ஏற்றச் சொன்னேன். கன்சோலில் இருந்தது உடன் வேலை செய்யும் லாஸ்பேட்டைத் தம்பி. கணினி பாதியில் நின்று கேட்டது: ஒரே பெயருள்ள வால்யூம் இரண்டு சாதனங்களில் இருக்கிறது, எதை ஆஃப்லைனில் வைக்க வேண்டும்?

“அக்கா, முதல் எண்ணைக் கொடுத்துவிடவா?”

“எதையும் தட்டாதே.”

மீட்ட வால்யூமுக்கு மூலத்தின் பெயரே இருக்கும் என்பதால் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் தனிப் பகிர்வின் கண்ணுக்கு உற்பத்தி வட்டு, அதாவது உண்மைக் கணக்குகள் ஓடும் வட்டு, படவே கூடாது. யாரோ எப்போதோ அந்த முகவரிகளையும் இதில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதில் மாறியிருந்தால் சோதனை என்ற பெயரில் உண்மைக் கணக்கிலேயே எழுதியிருப்போம். முகவரிகளை நீக்கச் செய்து மறுபடி ஏற்றியபோது மாலையாகிவிட்டது.

நள்ளிரவு நகலைத் திறந்ததும் விஷயம் தெளிந்தது. கோப்பு கணக்கு எண் வரிசையில் இருக்கிறது. ஆரம்பத்துக் கணக்குகளில் இரட்டை வட்டி. பாதியில் ஓரிடத்துக்குப் பிறகு வட்டியே ஏறவில்லை. வாதம் அத்துடன் அடங்கியது.

நவம்பர் 9, ஞாயிறு

தவறாகச் சேர்ந்த வட்டியைக் கழித்துவிட்டால் போதுமே என்று புது யோசனை வந்தது. கழிக்கலாம்தான். ஆனால் வியாழக்கிழமை பணம் எடுத்தவர், கணக்கை முடித்தவர், அபராதம் விதிக்கப்பட்டவர் எல்லோருக்கும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும். தவறான நிரலை எழுதிய கைகளிடமே திருத்தும் நிரலையும் அவசர அவசரமாகக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இரவு 8 மணி நகலிலிருந்து அந்தக் கோப்புகளை மட்டும் எடுப்பது என்று முடிவானது. முழு வட்டையும் பின்னால் கொண்டுபோனால் சம்பந்தமில்லாத கணக்குகளும் பின்னே போய்விடும். எட்டு மணிக்குப் பிறகு நடந்த பரிவர்த்தனைகள் ஜர்னலில் (பரிவர்த்தனைகளின் பதிவேட்டில்) இருந்தன. வட்டி வேலைக்கு முந்தியவற்றை வரிசையாகப் போட்டு, சரியான வட்டியை ஏற்றி, பிந்தியவற்றையும் போட்டார்கள். இடையில் மஞ்சக்குப்பத்தில் மின்சாரம் போனது. தானே புயலுக்குப் பிறகு அப்பா வாங்கிப் போட்ட இன்வெர்ட்டரின் பெருமையை அம்மா மறுபடி சொன்னார். இரவு கூட்டுத்தொகைகள் பொருந்தின.

நவம்பர் 12, புதன்

அறிக்கை அனுப்பியாகிவிட்டது. இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். இரவு வேலை தொடங்குவதற்கு முன் ஒரு நகல், கடிகாரத்தைப் பார்த்து அல்ல, அந்த வேலையின் முதல் படியாகவே எடுக்கப்பட வேண்டும். அது முடியாமல் அடுத்த படி ஓடக்கூடாது. இதற்கு உடனே ஒப்புதல் கிடைத்தது. மீட்புக்கென்று உற்பத்தி வட்டுகளையே பார்க்காத ஒரு பகிர்வு நிரந்தரமாக வேண்டும் என்பது இரண்டாவது. அதற்குச் செலவு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.