கரண்ட் பில் வராத வீட்டின் கணக்கு

எங்கள் வீட்டுக்கு மின் இணைப்பு இல்லை, சோலாரில்தான் ஓடுகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். ஆடு மேய்த்துக்கொண்டு வேலியோரம் வரும் பையன்கூட அன்றைக்கு, "அக்கா, ஒங்களுக்குக் கரண்ட் பில்லே கெடையாதாமே, குடுத்து வச்சவுங்க" என்றான். அவனிடம் சிரித்து வைத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், பில் இல்லை என்பதால் எங்களுக்குக் காசு ஒன்றும் மிச்சமாகவில்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாங்கள் செலவழிப்பது ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டை ஒட்டித்தான், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். அதாவது ஊருக்குள் இருந்திருந்தால் இதே மின்சாரத்தை வாரியம் சும்மாவே கொடுத்திருக்கும். நாங்கள்தான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம், பேட்டரிக் கடையில்.

அப்புறம் ஏன் இணைப்பு வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வீடு இருப்பது திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், சிறுமலை அடிவாரத்தில், கடைசிக் கம்பத்திலிருந்து நல்ல தூரம். இடையில் நாலு பேர் காடு, அதில் ஒருவர் தன் நிலத்தில் கம்பம் நட விடமாட்டேன் என்கிறார். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அது வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் சோலாருக்கு மட்டும். லைனே இல்லாதவனுக்கு அதில் இடம் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 330 வாட் பேனல் இரண்டு. 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி (ஆசிட் வகை) இரண்டு, தொடராகக் கோத்து 24 வோல்ட். நல்ல வெயில் நாளில் இரண்டரை யூனிட் வரை கிடைக்கும். இரவில் நாங்கள் பேட்டரியிலிருந்து எடுப்பது 0.9 யூனிட். பேட்டரி இரண்டும் சேர்ந்து 30,000 ரூபாய் என்று வையுங்கள், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 6 வருஷம் வரும். ஆறு வருஷத்தில் அதில் போட்டு எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட 2,000 யூனிட். வகுத்துப் பாருங்கள், யூனிட்டுக்கு 15 ரூபாய். வாரியத்தில் 1,000 யூனிட்டுக்கு மேல் ஓட்டும் ஏசி வீட்டுக்காரருக்கே 11, 12 ரூபாய்தான்! பேனல், இன்வெர்ட்டர், வயர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

ஆனால் இந்த 15 ரூபாய் ராத்திரி மின்சாரத்துக்கு மட்டும்தான். பகலில் பேனலிலிருந்து நேராக எடுக்கிற மின்சாரத்துக்கு அந்த விலை கிடையாது, போட்ட பேனல் போட்டதுதான். பதினொன்றரை மணிவாக்கில் பேட்டரி நிரம்பிவிட்டால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற கன்ட்ரோலர் கதவைச் சாத்திவிடும், அதற்குமேல் அடிக்கிற வெயில் எடுக்காவிட்டால் போச்சு. இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சிக்கனமே ஒழுங்குக்கு வந்தது. விளக்கை அணை, ஃபேனை அணை என்று ஒருவரையொருவர் விரட்டுவதை விட்டோம். மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதுதான் செலவு, முடித்த வேலையைச் சேர்த்து வைக்கச் செலவே இல்லை.

அதனால் மின்சாரம் தின்கிற வேலை எல்லாம் பதினொன்றுக்கும் இரண்டரைக்கும் நடுவில். கிரைண்டர் 150 வாட்தான், 40 நிமிஷம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. மிக்ஸி 550 வாட், இன்வெர்ட்டரே லேசாக முனகும், ஆனால் ஓடுவது மூன்று நிமிஷம். ராத்திரிச் சட்னிக்கும் அப்போதே அரைத்து வைத்துவிடலாம். விடிகாலையில் சட்னி வேண்டும் என்றால் அம்மிதான், அதற்கு அத்தையைத் தவிர யாருக்கும் கை வராது. கிணற்று மோட்டாருக்குத் தனிப் பேனல், பேட்டரியே கிடையாது. வெயில் ஏறினால் அதுவாக ஓடும், மேகம் மறைத்தால் இரைச்சல் குறைந்து நிற்கும், மேலே தொட்டியில் ஏறின தண்ணீர் ராத்திரி முழுக்கக் குழாயில் வரும். எங்களிடம் இருப்பதிலேயே மலிவான பேட்டரி அந்தச் சிமெண்ட் தொட்டிதான். துணி தேய்க்க மட்டும் சோலார் பக்கமே போவதில்லை. இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், எங்கள் இன்வெர்ட்டர் தாங்காது. தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட பழைய பித்தளைப் பெட்டி இருக்கிறது, கல்யாணம் காட்சி என்றால் அது வெளியே வரும். மற்ற நாளில் உதறிக் காயப்போட்டு மடித்து வைத்தால் போதாதா?

இரவுக் கணக்கில் பலருக்குத் தெரியாத திருடன் ஒருவன் உண்டு, இன்வெர்ட்டர்தான். எதுவும் ஓடாவிட்டாலும் அது உயிரோடு இருக்கவே 15 வாட் கேட்கும், 24 மணி நேரமும் ஆனில் விட்டால் 360 வாட்-மணி (1,000 வாட்-மணி ஒரு யூனிட்), எங்கள் இரவுச் செலவோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மாவே போகும். பழைய ஃபேன் 75 வாட். அதைக் கழற்றிவிட்டு 28 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) மாட்டியதுதான் நாங்கள் செய்த செலவுகளிலேயே உருப்படியானது. ஃபேன் விலை கூடுதல்தான். ஆனால் பழைய ஃபேன் இரண்டும் ராத்திரி முழுக்க ஓட வேண்டுமென்றால் பேட்டரி இன்னும் ஒரு ஜோடி வாங்க வேண்டும், ஃபேன் விலை அதற்குப் பக்கத்தில்கூட வராது. யாராவது சோலார் போடப் போகிறேன் என்று யோசனை கேட்டால், பேனல் பற்றிப் பேசுவதற்கு முன் முதலில் ஃபேனை மாற்று என்றுதான் சொல்வேன்.

அத்தைக்கு ராத்திரி சீரியல். டிவி 40 வாட், ஒன்றரை மணி நேரம், பெரிய செலவில்லை என்றாலும் ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல மூட்டம் போட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அத்தை எழுந்துபோய் இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "ஏம்மா, பச்ச லைட்டு எரியுதுல்ல? அப்பறம் என்ன?" என்பார். பச்சை விளக்கை நம்பக் கூடாது, வோல்ட்மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒன்றும் ஓடாமல் கொஞ்ச நேரம் விட்டு அளந்தால் ஒரு பேட்டரிக்கு 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆறு வருஷம் என்று சொன்னேனே, அது மூன்றாகிவிடும். எனவே 12.2 வந்தால் டிவி கிடையாது என்பது வீட்டுச் சட்டம். அத்தை மறுநாள் பகலில் போனில் பார்த்துக்கொள்வார், அதுவும் வெயில் வந்தபிறகு சார்ஜ் போட்ட போனில்.

மழைக்காலம் நினைத்த அளவுக்கு மோசமில்லை. வெயில் குறையும் மாதங்களில் ஃபேனும் தேவைப்படாது, செலவும் தானாகவே பாதியாகிவிடும். சித்திரை வைகாசியைத்தான் நான் அமோக விளைச்சல் காலம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.4 சதவீதம் போலக் குறையும். கத்திரி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், கையை வைக்க முடியாது, கிடைக்க வேண்டியதில் ஏழில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். மாசிதான் எங்களுக்கு நல்ல மாதம். வானம் சுத்தம், காற்று குளிர்ச்சி.

பேனல் பராமரிப்பு என்றால் மயில். இந்தப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை, காலையில் சாய்வாக வழவழவென்று இருக்கும் இடத்தைக் கண்டால் ஏறி உட்கார்ந்துவிடும். எச்சம் பேனலில் கட்டம் கட்டமாகத் தெரியும் செல்லில் ஒன்றை மறைத்தால் அந்த ஒரு செல்லோடு போகாது, அதனோடு வரிசையாகக் கோத்த செல் அத்தனையும் மந்தமாகிவிடும். விடிந்ததும் பேனல் சூடேறும் முன்பே ஈரத் துணி கட்டிய மூங்கிலால் துடைக்க வேண்டும். கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விழலாம். குரங்கு வயரைப் பிடித்து இழுக்காமல் இருக்கப் பிவிசி குழாய் போட்டுவிட்டோம்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வேலை. ஒவ்வொரு பேட்டரியிலும் ஆறு மூடி, மூடியில் ஒரு மிதவைக் குச்சி, அதில் பச்சைக் கோடு தெரிந்தால் சரி, சிவப்பு இறங்கி நின்றால் ஊற்று. கோடைக்கு மாதம் ஒரு முறை, மற்ற நாளில் அதைவிடத் தாமதமாக. சின்னப் புனலை வைத்து நிதானமாக, பச்சைக் கோடு ஏறினதும் நிறுத்திவிட வேண்டும். நிறைய விட்டால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும், அந்த ஆசிட் பட்ட இடத்தில் சேலையில் அடுத்த துவைப்புக்கு ஓட்டை. இதற்கென்றே ஒரு பழைய நைட்டி ஆணியில் தொங்குகிறது. முனையில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுடுதண்ணீரால் கழுவிவிட்டு, காய்ந்ததும் வாசலின் தடவினால் கொஞ்ச நாளைக்குப் பூக்காது.

இவ்வளவும் மின்சாரத்தில் செலவு குறைவாக இருக்கச் செய்வது. நிஜமாகவே கையில் காசு நின்றது சமையலறையில், அதுவும் ஃப்ரிட்ஜ் இல்லாததால்.

ஃப்ரிட்ஜ் இருந்தபோது வாரம் ஒரு பை காய்கறி வாங்குவோம், அதில் ஒரு கால் பை வாடிக் குப்பைக்குப் போகும். இப்போது சந்தையில் வாங்குவதில் இரண்டு நாளைக்குக் கீரை, கத்தரிக்காய், அப்புறம் நாள்பட நிற்கிற பூசணி, சேனை, வாழைக்காய், சின்ன வெங்காயம். மீந்தது என்ற பேச்சே இல்லை. பால் காலையில் வரும், காய்ச்சி, சாயங்காலம் மறு காய்ச்சல், ராத்திரி உறை. மறுநாள் தயிர், அதற்கு மறுநாள் புளித்தால் மோர்க்குழம்பு. மாவு இரண்டு நாளைக்கு மேல் அரைப்பதில்லை, முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மிச்சம் இருந்தால் பணியாரம். பானைக்குள் பானை வைத்து நடுவில் மணல் நிரப்பி ஈரம் போட்டு வைக்கிறோம், காய்ந்த காற்று அடிக்கிற மாதங்களில் கீரையும் கொத்தமல்லியும் அதில் இரண்டு நாள் நிற்கும். மழைக்காலத்தில் அது வெறும் பானை.

புளி, மிளகாய், மல்லி எல்லாம் மாசி பங்குனியில் வருஷத்துக்குச் சேர்த்து. நத்தம் புளிக்கு நான் பெருமை சொல்ல வேண்டியதில்லை. கொட்டை எடுத்து, கல் உப்பு தூவி, பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை கறுத்துக்கொண்டே இருக்கும், ருசி ஏறிக்கொண்டே இருக்கும். துவரையை அத்தை தோலோடு முழுசாகத்தான் வாங்கச் சொல்வார். ராத்திரி ஊறவைத்து, செம்மண்ணைக் குழைத்துப் பிசிறி, குவித்து மூடி வைத்துவிட்டு, அடுத்து வருகிற வெயிலில் எல்லாம் முற்றத்தில் பரப்பிக் காயப்போடுவார். மண் கட்டின துவரைக்கு வண்டு வராது. வேண்டும்போது மண்ணைப் புடைத்துத் திருகையில் உடைத்துக்கொள்ளலாம். கடைப் பருப்போடு ஒப்பிட்டால் கிலோவுக்கு மிச்சம் என்பது ஒரு பக்கம், சாம்பார் வாசமே வேறு. இதற்கு உடம்பு வேலை நிறைய, அத்தை இல்லாவிட்டால் நான் செய்வேனா என்பது சந்தேகம்தான்.

சமையல் எரிபொருளுக்குச் சிலிண்டரும் விறகும். தென்னை மட்டை, பாளை, சீமைக்கருவேல மிலாறு, இதற்கெல்லாம் காசு கிடையாது. சோற்றுப் பானை நன்றாகக் கொதித்து வந்ததும் இறக்கி மூடி, வைக்கோல் அடைத்த கூடைக்குள் வைத்துப் பழைய போர்வையால் பொதிந்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் தானாக வெந்திருக்கும். சிலிண்டர் நாலைந்து மாதம் ஓடுகிறது.

தண்ணீரிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு லேசில் வேகாது. ஓட்டுக் கூரை 60 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் பெய்தால் 48,000 லிட்டர் கூரையில் விழுகிறது. வழிந்தது, ஓடு குடித்தது, மயில் எச்சத்துக்காக முதல் மழையைத் திருப்பிவிட்டது எல்லாம் போகப் பாதி வந்தாலே 24,000. எங்கள் நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர், வருஷத்துக்கு 7,300. வெளிச்சம் புகாமல் மூடிய 10,000 லிட்டர் தொட்டி ஒன்று போதுமாக இருக்கிறது. மழைத் தண்ணீரில் பருப்பு இரண்டு விசில் முன்னாடியே வெந்துவிடும், கேன் தண்ணீர் வாங்குவதும் இல்லை.

இப்போது யோசனை அடுத்த பேட்டரியைப் பற்றி. லித்தியம் போடு, அதுதான் சிக்கனம் என்கிறார்கள். விசாரித்ததில் 24 வோல்ட், 100 ஏஎச் சொன்ன விலை 50,000. பத்து வருஷம் வரும் என்று வைத்து வகுத்தால், எங்கள் செலவு அளவுக்கு, மறுபடியும் அதே 15 ரூபாய் சில்லறைதான் வருகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் இல்லை, முக்கால்வாசிக்கு மேல் இறக்கினாலும் தாங்கும், அத்தைக்குச் சீரியல் தடையில்லை. ஆனால் ஒரே நாளில் 50,000 எண்ணி வைக்க வேண்டும். அதோடு பேட்டரி இருக்கிற எங்கள் திண்ணை அறை வைகாசியில் அடுப்புக் கணக்காகக் காயும். இந்தப் பக்கத்துச் சூட்டில் யாராவது லித்தியம் வைத்து நாலு கோடை தாண்டியிருந்தால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், வாங்குவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறோம்.