22 பேர் வேண்டும், 23 பேர் இருந்தோம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய மியூசியத்தில் வேலை பார்க்கிறேன். அங்குள்ள பொருள்களின் பதிவேடு என் பொறுப்பு. 2020 பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. கண்காட்சிக்கு இரவல் வாங்கியிருந்த பழைய குவில்ட் போர்வைகளை (துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தவை) இறக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். பிப்ரவரி 3, திங்கள் இரவு காக்கஸ்: அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்று சொல்ல, வட்டாரம் வட்டாரமாக நடந்த கூட்டம். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு அதுதான் முதல் காக்கஸ்.

குவில்ட்டில் அவசரம் ஆகாது. ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து, அது வந்தபோது எழுதிய நிலை அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் தொடங்கி அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்திருந்தன. அந்தக் காலத்துப் பழுப்புச் சாயத்தில் இரும்பு சேர்ப்பார்கள். அது நாளடைவில் நூலையே அரித்துவிடும். புதிதாக எதுவும் உதிரவில்லை என்று உறுதியான பிறகுதான் அமிலமில்லாத தாள் வைத்துக் குழாயில் சுருட்டினோம். மடித்தால் மடிப்பிலேயே விட்டுப்போகும்.

மாலை 5 மணிக்கு இன்னும் இரண்டு பாக்கி. மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் இரவுக் காவலர், "எனக்கும் சேர்த்து நின்னுட்டு வாங்க" என்றார். ஆனால் அந்தக் காக்கஸில் ஒருவருக்காக இன்னொருவர் நிற்க வழியில்லை.

நாள் முழுக்கத் திறந்திருக்கும் வாக்குச்சாவடி இல்லை அது. கட்சியே நடத்திய கூட்டம். 2020-இல் 7 மணிக்குள் வரிசையில் இருக்க வேண்டியிருந்தது. கட்சியில் பதிவு செய்யாதவர்கள் வாசலிலேயே பதிந்துகொள்ள முடிந்தது. நவம்பர் தேர்தலுக்குள் 18 நிரம்பும் என்றால் 17 வயதுக்காரர்களும் வர முடிந்தது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் எங்கள் வட்டாரத்திலிருந்து 143 பேர். சுவரெங்கும் வேட்பாளர் பெயர்கள். அவரவர் விரும்பும் பெயருக்குக் கீழே போய் நிற்க வேண்டியிருந்தது. ரகசிய வாக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ச் சுவரில் நிற்பது தெரிந்தது.

நான் ஏமி குளோபசார் பக்கம் நின்றேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு குழு தாக்குப்பிடிக்க வந்தவர்களில் 15 சதவீதம் வேண்டியிருந்தது. அன்று கணக்குப் போட்டால் 22 பேர். ஆளுக்கு ஒரு எண்ணாக உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தோம். என் எண் 17. கடைசிக் குரல் 23 என்றது. தலைவர் இன்னொரு முறை எண்ணச் சொன்னார். மறுபடியும் 23. அட்டையில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். இனி மாற முடியாது.

ஜோ பைடன் பக்கம் 19 பேர். மூன்று பேர் குறைவு. ஆண்ட்ரூ யாங் பக்கம் எட்டுப் பேர்தான். பைடன் பக்கமிருந்து வயதான ஓர் அம்மா நேராக அந்த எட்டுப் பேரிடம் போய், ஒவ்வொருவரிடமாகப் பேசினார். சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. மூன்று பேர் அவர் பின்னால் நடந்து வந்தார்கள். அரசியலை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஆனால் காரில் வரும்போது அந்த 23 தான் மனதை உறுத்தியது. எங்களில் இரண்டு பேருக்கு இரவுப் பணி இருந்திருந்தால் எங்கள் குழுவே கலைந்திருக்கலாம். அந்தக் காவலர் போல எத்தனை பேர், எத்தனை சுவர்களில் நிற்க முடியாமல் போயிருப்பார்கள்? இந்த முறையில் என்னால் ஏற்கவே முடியாதது இது.

அன்றிரவு முடிவு வரவில்லை. செவ்வாய் மாலைதான் 62 சதவீத வட்டாரங்களின் கணக்கு வெளியானது. அதற்குள் மிச்ச இரண்டு குவில்ட்டுகளையும் சுருட்டி முடித்திருந்தோம்.

புதன்கிழமை வட்டாரத் தலைவரிடம் கேட்டு, சுவரில் ஒட்டியிருந்த தாள்களை மியூசியத்துக்கு வாங்கினேன். நன்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதல் தாளின் எண் 2020.2.1: அந்த ஆண்டில் இரண்டாவதாக வந்த தொகுப்பு, அதில் முதல் பொருள். நான்கு மூலையிலும் டேப் பசை. கீழ் ஓரத்தில் பனி ஈரத்தோடு யாரோ மிதித்த பூட்ஸ் தடம். அதைத் துடைக்கவில்லை. அளந்து, நிலை அறிக்கையில் எழுதி வைத்தேன்.