குடியை விட்ட பிறகு கல்லீரல் எவ்வளவு தேறும்?

வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளித்த பிறகு குடியை விட்டாலும் தேற வழி உண்டு. கல்லீரலில் விழுந்த தழும்பு முழுதாக மறையாது. ஆனால் அழற்சி தணிய, மிச்சமுள்ள செல்கள் வேலையை ஏற்கும். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

சாப்பாட்டில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. பத்தியம் என்று வெறும் கஞ்சி கொடுத்தால் தசை கரைந்துவிடும். கோத்த நீரைக் கழித்த உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை: முட்டை, பருப்பு, தயிர், மீன். படுக்கும் முன் இட்லியோ பாலோ அவசியம். கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு என்பதால், விடிவதற்குள் உடல் தசையை எரிக்கத் தொடங்கும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டவே வேண்டாம்.

லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து கொடுத்திருந்தால் தினம் 2, 3 முறை இளக்கமாக மலம் போக வேண்டும். மலம் கட்டினால் அம்மோனியா ஏறிப் புத்தி தடுமாறும். டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையும் லாக்டுலோஸும் இல்லாமலே 12 மாதம் வயிறு வீங்காமல், குழப்பமோ ரத்த வாந்தியோ இல்லாமல், ரத்தப் பரிசோதனையில் அல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), பிலிருபின் (மஞ்சள் நிறமி), ஐஎன்ஆரும் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) சீராகியிருந்தால் அது உண்மையான மீட்சி. அப்போதும் கல்லீரல் புற்றுநோயைக் கவனிக்க 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும்.