கொத்திய அம்மியும் டங்ஸ்டன் தூளும்

பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டில் அம்மி கொத்துகிறவர் வந்துபோன அன்று உடனே மசாலா அரைக்க மாட்டார்கள். ஒரு பிடி பச்சரிசியை அரைத்து, கல்துகள் கலந்த அந்த மாவை வழித்துக் கொட்டிய பிறகுதான் மிளகாய் வைப்பார்கள். அந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் ஆய்வகத்துக்குப் போய்வந்த எனக்கு, இது நினைவுக்கு வர ஓர் ஆண்டு பிடித்தது.

டங்ஸ்டனோடு நிக்கலும் இரும்பும் சேர்ந்த உலோகக் கலவைதான் என் ஆய்வு. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். நிக்கலுக்கு 1,455 போதும். இரண்டையும் சேர்த்து உருக்கி வார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் உலோகத் தூள்களை எஃகுக் குண்டுகளோடு ஒரு ஜாரில் போட்டுச் சுழற்றி அரைக்கிறோம். தூளைப்போல் பத்து மடங்கு எடைக்குக் குண்டுகள், ஜாருக்குள் ஆர்கான் வாயு, தூள் அளவுக்கு மீறித் திரளாமலிருக்கக் கொஞ்சம் டொலுவீன் என்ற திரவம். நிமிடத்துக்கு 300 சுற்று. குண்டுகளுக்கிடையே சிக்கிய துகள் நசுங்குகிறது, உருகாமலே பக்கத்துத் துகளோடு ஒட்டுகிறது, இறுகி உடைகிறது, மறுபடி ஒட்டுகிறது. 1960களில் ஜான் பெஞ்சமின் நிக்கல் உலோகக் கலவைகளுக்காக உருவாக்கிய முறை இது. சூடு தணிய அரை மணி ஓட்டத்துக்கு அரை மணி ஓய்வு என்பதால், 20 மணி நேர அரவைக்கு 40 மணி நேரம் காவலிருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் நுண்தூள் காற்றுப் பட்டுத் தீப்பிடிக்கலாம்.

அரைத்த தூளின் எக்ஸ் கதிர் வரைபடத்தில் ஊசியாக நின்ற முகடுகள் அகன்று தாழ்ந்திருந்தன. படிகங்கள் நானோ அளவுக்கு வந்துவிட்டன என்று அன்று நான் பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

தனிமப் பகுப்பாய்வு அதைக் கலைத்தது. நூற்றில் டங்ஸ்டன் 90, நிக்கல் 7, இரும்பு 3 என்று எடை போட்டிருந்தேன். இரும்பு தெளிவாகக் கூடியிருந்தது. நிக்கலும் இரும்பும் 7க்கு 3 என்று வைப்பது, நொறுங்கும் சேர்மங்கள் உருவாகாமலிருக்கத்தான். அந்த விகிதமே போய்விட்டது. எஃகுக் குண்டுகளை எடை போட்டேன். குறைந்திருந்தன. நான் வைக்காத இரும்பு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அன்றிரவுதான் ஆச்சியின் அம்மி நினைவுக்கு வந்தது.

டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த கடினமான டங்ஸ்டன் கார்பைடில் செய்த ஜாரும் குண்டுகளும் வாங்கினோம். அவையும் தேயும், ஆனால் இரும்பைச் சேர்க்காது. முதலில் கொஞ்சம் டங்ஸ்டன் தூளை மட்டும் அரைத்து, குண்டுகளில் பூச்சாகப் படியவிட்டு, மிச்சத்தை ஒதுக்கிவிட அனுமதி கேட்டேன். விலை கூடிய தூளை ஏன் வீணாக்க வேண்டும் என்றார் பேராசிரியர்.

“கொத்தின அம்மியில் முதல் அரிசியைக் கொட்டிவிடுவார்கள் அல்லவா, சார்?”

அவருக்கு அம்பாசமுத்திரம். உடனே கையெழுத்துப் போட்டார். “எங்கள் வீட்டில் தவிடு போட்டு அரைப்போம்” என்றார்.