காருக்குக் காப்புறுதி இருந்தது, எனக்கு இல்லை

சென்ற வருடம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் பொலிஸாரின் பலூனை ஊதியவன் நான். நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதுதான் இலங்கைச் சட்டத்தின் எல்லை. நான் அதைத் தாண்டியிருந்தேன். நீதவான் 25,000 ரூபாய் தண்டம் விதித்துச் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஆறு மாதங்களுக்கு இடைநிறுத்தினார். வெட்கத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை, நாவற்குடாவில் அது நான் வீடு வந்து சேருமுன்பே வீடு வீடாகப் போய்விட்டது. எழுத வேண்டியது காப்புறுதியைப் பற்றி. ஏனெனில் அந்த ஆறு மாதத்தில் எனக்குப் புத்தி சொன்ன எவரும் அதைச் சரியாகச் சொல்லவில்லை.

"கார் சும்மாதானே நிக்குது, மறுகா எதுக்கு மச்சான் இன்சூரன்ஸ்?" என்றார் ஒருவர். அது லீசிங்கில் எடுத்த கார். லீசிங் முடியும்வரை முழுக் காப்புறுதியை நிறுத்த முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. லீசிங் இல்லாவிட்டாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் காரின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது; நட்டஈடு கேட்காமல் இருந்ததற்காக வருடக் கணக்காகச் சேர்ந்த கட்டணக் கழிவான நோ கிளெய்ம் போனஸும் இடைவெளி விழுந்தால் கைவிட்டுப் போகலாம். அதைவிட, நின்றுகொண்டிருக்கும் காருக்கும் ஆபத்து உண்டு. தென்னைக்குக் கீழ் நிற்கும் காரின் கண்ணாடிக்கு என்ன நேரும் என்பதும், கார்த்திகை, மார்கழி மழையில் வாவியோரத்து வளவுகளில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதும் மட்டக்களப்பாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. (வெள்ளத்துக்கான காப்பு உங்கள் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டியிருந்தது.)

மற்றவர் சொன்னதுதான் உண்மையில் ஆபத்தானது. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, ஆரையம்பதிக்குப் போய் வாறதுக்கு என்ன பயம்?" என்றார் அவர். ரொறன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு இந்த மயக்கம் வர வழியில்லை. அங்கே சாரதியின் பதிவைப் பார்த்தே கட்டணம் தீர்மானிக்கப்படுவதால், அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டவரைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை, ஏற்கும் நிறுவனம் கேட்கும் தொகையோ தலையைச் சுற்றவைக்கும். நம் நாட்டில் காப்புறுதி வாகனத்தின் பெயரில் ஓடுகிறது. நீதிமன்றம் என் அனுமதிப்பத்திரத்தை வாங்கிய நாளில் காப்புறுதி நிறுவனத்திலிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை, கட்டணமும் கூடவில்லை, காப்புறுதிச் சான்றிதழும் அப்படியே இருந்தது. அதனாலேயே எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றுகிறது.

ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். சாரதியைப் பற்றிய பிரிவு ஒன்று அதில் உண்டு: ஓட்டுபவரிடம் அந்த வகை வாகனத்துக்கான அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்து, அதைப் பெறத் தகுதியிழக்காதவராக இருக்க வேண்டும். இந்தச் சொற்களின்படி, புதுப்பிக்க மறந்து காலாவதியான பத்திரத்தோடு ஓட்டியவருக்கு வாதாட இடம் இருக்கிறது. நீதிமன்றம் இடைநிறுத்தியவருக்கு அந்த இடமும் இல்லை. அவர் ஓட்டிப் போய் மதிலில் மோதினால் காரின் செலவு முழுவதும் அவருடையது.

மனிதர் மேல் மோதினால் கதை வேறு. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, தெருவில் போனவரின் உயிரிழப்புக்கும் காயத்துக்குமானது. நீதிமன்றம் நட்டஈடு தீர்த்தால் காயப்பட்டவருக்கு நிறுவனம் பணத்தைச் செலுத்த வேண்டிவரும். ஆனால் அந்தத் தொகையைப் பின்னர் ஓட்டியவரிடம், அதாவது வளவையும் வீட்டையும் வைத்திருக்கும் நம்மிடம், திருப்பிக் கேட்க அதற்கு வழியுண்டு. இடைநிறுத்தக் காலத்தில் ஓட்டியதற்கான குற்றம் இதற்கு மேலதிகம். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் என்று தெரிந்தும் காரைக் கொடுத்த உரிமையாளரும் தப்ப மாட்டார்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடுகிறேன். வீதியில் பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வாங்கிவைத்துக்கொண்டு, தபாற்கந்தோரில் கட்டும்படி தண்டச் சீட்டு எழுதித் தருவது இடைநிறுத்தமல்ல. அந்தச் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகச் செல்லும். "எனக்கும் லைசன்ஸை எடுத்தாங்க, நான் ஓடித் திரிஞ்சேன்தானே" என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்களே.

ஆறு மாதமும் என் அக்காவின் மகன்தான் காரை ஓட்டினான். "நீங்க பின்னுக்கு இரிங்க மாமா" என்று அவன் சொன்ன முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் திறப்பைக் கொடுக்குமுன், இளம் சாரதி ஓட்டி விபத்து நேர்ந்தால் நட்டத்தில் முதலில் ஒரு குறிப்பிட்ட தொகையை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று நிறுவனத்தில் கேட்டேன், இருந்தது. அந்தத் தொகையைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டேன்.

பத்திரம் கைக்கு வந்த பிறகு காப்புறுதியை வேறு நிறுவனத்துக்கு மாற்ற நினைத்து விண்ணப்பப் படிவம் எடுத்தேன். உங்களுக்கோ வாகனத்தை ஓட்டுபவருக்கோ போக்குவரத்துக் குற்றத் தீர்ப்பு அல்லது இடைநிறுத்தம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. படிவத்தை நிரப்ப உதவிய முகவர் 'இல்லை' என்ற பெட்டிக்கு மேல் பேனாவைக் கொண்டுபோய்விட்டார். பொய் சொல்லி எடுத்த காப்புறுதியை நாளைக்கு ஒரு விபத்து வந்ததும் அவர்களே செல்லாது என்பார்கள் என்று சொல்லிப் பேனாவை வாங்கி, 'ஆம்' என்று நானே எழுதினேன். கட்டணம் கொஞ்சம் கூடியது.