மடி போதாது

பின்னேரம் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நின்றால் காணலாம்: காரின் முன் சீட்டில் அம்மா, மடியில் கைக்குழந்தை. அம்மாவுக்கு பெல்ட் இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

"இறுக்கிப் பிடிச்சிருக்கிறன்தானே" என்பார்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது சுமார் 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நொடியில் 10 கிலோ பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே பெல்ட் போடுவது இன்னும் மோசம். தாயின் பாரம் முழுக்கப் பிள்ளையை நசுக்கும்.

பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், எது முந்துகிறதோ அதுவரை பிள்ளைகளுக்கென்று காரில் தனியாகப் பொருத்தும் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். இங்கே இலங்கையில் 2011இல் முன் சீட் பெல்ட் கட்டாயமானபோது பழகிக்கொண்டோம். இதற்கும் பழகலாம்.

உங்கள் காரின் பின் சீட்டில், சாய்வும் இருக்கையும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். அண்மைக்கால ஜப்பான் கார் என்றால் பெரும்பாலும் இரும்பு வளையங்கள் தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ் என்பது அதுதான், குழந்தை இருக்கையை அதில் கொளுவலாம். 15 மாதம் வரையாவது பின்னோக்கியே வையுங்கள். கழுத்து இன்னும் பிஞ்சு. எயார்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் அப்படி வைக்கவே கூடாது. பிள்ளையை இருத்திப் பூட்டிய பிறகு இருக்கையின் தோள்வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

பிள்ளை வளர்ந்து, வீட்டில் சும்மா கிடக்கும், விபத்தில் படாத இருக்கை யாரிடமாவது இருந்தால் கீழே சொல்லுங்கள். தேவைப்படும் குடும்பங்கள் இருக்கின்றன.