பவளத்துக்குக் காது கேட்காது

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

ராஜபாளையம் நாய்க்குட்டி வந்துவிட்டாள். 45 நாள் ஆகிறது. உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். மூக்கைப் பார்த்ததுமே மகன் பவளம் என்று பெயர் வைத்துவிட்டான்.

போன வருடம் எங்கள் பழைய நாய் வீரன் இறந்த பிறகு அப்பா வாசலில் உட்காருவதை விட்டுவிட்டார். இன்று சாயங்காலம் நாற்காலியை மறுபடி வாசலில் போட்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு நாய் இல்லாத வாசல் வாசலே இல்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

மூன்று நாளாக மனதை உறுத்திய ஒன்றை இன்று சோதித்துப் பார்த்தேன். பவளம் தூங்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். குட்டியின் காது நுனிகூட அசையவில்லை. அப்புறம் பால் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தாள்.

20 பிப்ரவரி, செவ்வாய்

கால்நடை மருத்துவர் சாவிக்கொத்தைக் குலுக்கினார், கை தட்டினார், விசில் அடித்தார். இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்.

காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டுமாம். அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் நுண்செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போய்விடும். எல்லா வெள்ளை நாய்க்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துப் பல தலைமுறை வளர்த்த இனத்தில் இது அடிக்கடி வருகிறது. டால்மேஷன் என்ற புள்ளி நாய் இனத்திலும் இதே கதைதானாம்.

குட்டி கொடுத்தவருக்குப் போன் செய்தேன். மாற்றித் தருகிறேன் என்றார். அப்போ இது என்ன ஆகும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா தன் பழைய டைரியை எடுத்துவந்து காட்டினார். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையம் நாயும் உண்டு. அதை ஒட்டி வைத்திருக்கிறார். ஊரே அன்றைக்குப் பெருமைப்பட்டது எனக்கும் நினைவிருக்கிறது.

"இந்த வெள்ளைக்காக நாங்க செஞ்சது உனக்குத் தெரியாதுப்பா" என்றார். அவர் வாலிபத்தில் வீட்டு நாய் ஈன்ற ஒரு ஈத்தில் இரண்டு குட்டிகள் செவலைப் புள்ளியோடு விழுந்தனவாம். கலர்க் குட்டியை யார் வாங்குவார்கள் என்று அன்றே தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியிருக்கிறார்கள். அமுக்கியது தன் கைதான் என்றார். "நல்லாக் காது கேட்கிற குட்டிங்கடா அது." டைரியை மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

16 மார்ச், சனி

23 அயல் இனங்களை வளர்க்கவும் விற்கவும் தடை போட வேண்டும் என்று மத்திய அரசு இந்த வாரம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. பிட்புல், ராட்வைலர் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ராஜபாளையம் இல்லை. ஆபீஸில் ஒருவர் "உங்க நாய் தப்பிச்சிருச்சு" என்றார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. வளர்ந்தால் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரும் நாய் இது. பன்றி வேட்டைக்குப் போன பரம்பரை. வெளியாளைத் தொடவிடாது. பிறந்ததிலிருந்து சங்கிலியில் கட்டி, மனித முகம் காட்டாமல் வளர்த்தால் இவளும் ஆபத்தானவளாகத்தான் வளர்வாள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் என் பொறுப்பு குறைந்துவிடாது.

நேற்று அதைக் கண்ணால் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தவளை மகன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். திடுக்கிட்டு எழுந்து அவன் மணிக்கட்டைக் கவ்விவிட்டாள். முகம் தெரிந்த அடுத்த நொடி விட்டுவிட்டாள். தோல் கிழியவில்லை, லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அப்புறம் அவள் போய்க் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டாள். இன்னும் மூன்று மாதம்கூட ஆகாத குட்டி. இதே பயம் பத்து மாதத்தில் வந்தால்?

சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவி, மருத்துவமனையில் காட்டி வந்தோம். இன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: யாரும் அவளை நேராகத் தொடக் கூடாது. முதலில் தரையில் காலைத் தட்ட வேண்டும். எழாவிட்டால் மூக்கருகே கையை நீட்டி, வாசனை தெரிந்து கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

21 ஏப்ரல், ஞாயிறு

சைகைகள் நன்றாகப் பிடிபட்டுவிட்டன. உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்காருவாள். நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினால் அதுதான் அவள் பெயர். கட்டைவிரலைக் காட்டினால் "நல்ல பிள்ளை", உடனே ஒரு ஈரல் துண்டு. கையைக் கிடையாக வைத்து மெல்லத் தாழ்த்தினால் "ஒண்ணுமில்லை, படு". இது அப்பா கண்டுபிடித்தது. ராத்திரிக்கு டார்ச்சை மூன்று முறை அணைத்து அணைத்துப் போடுவோம். அது கூப்பிடுவது.

இதற்கு முன் நாங்கள் வளர்த்த எந்த நாயும் இவளைப்போல எங்களைப் பார்த்ததில்லை. வீரன் தோப்பின் மறுகோடியில் இருந்துகொண்டு ஒரு குரலுக்கு ஓடி வருவான். பவளம் பத்தடி போனதும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் போனில் மூழ்கியிருந்தால் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவாள். பதிலுக்கு நானும் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

8 ஜூன், சனி

கை இன்னும் நடுங்குகிறது. சப்பட்டை மாங்காய் ஏற்ற வந்த வண்டிக்காகத் திறந்த கேட்டை யாரும் சாத்தவில்லை. மலையடிவாரப் பக்கம் முயல் ஒன்று ஓடியது. பவளம் அதன் பின்னால் பாய்ந்தாள். இந்த இனம் ஓடினால் மனிதன் துரத்திப் பிடிக்க முடியாது. "பவளம், பவளம்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி என்ன பயன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பக்கம் லாரி ஓடும் சாலை, இந்தப் பக்கம் காடு.

இருட்டிவிட்டது. ஆளுக்கொரு திசையில் போனோம். அப்பா மட்டும் வரவில்லை. கேட்டிலேயே நின்று டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று முறை, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று முறை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். ஒன்பது மணி வாக்கில் ஓடை மேட்டில் இரண்டு கண்கள் மின்னின என்றார்.

நான் திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் நெருஞ்சி முள்ளோடு அப்பா காலடியில் கிடந்தாள். அவர் ஒவ்வொரு முள்ளாக எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு நாளைக்கே தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் போட வேண்டும்.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

தெருவில் விடிகாலையிலிருந்து வெடி. பக்கத்து வீட்டு நாய் கழிவறையில் போய் ஒளிந்திருக்கிறது, பாவம். எங்கள் வீரனும் ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு நாள் சாப்பிடாமல் நடுங்குவான்.

பவளம் அப்பாவின் செருப்பில் தலை வைத்து நன்றாகத் தூங்கினாள். சரவெடி பத்தாயிரம் வாலா எல்லாம் அவள் கணக்கில் இல்லை. மதியம் யாரோ ஒரு அணுகுண்டை எங்கள் சுவரோரம் வைத்தார்கள். தரை அதிர்ந்ததில் சட்டென்று தலையைத் தூக்கினாள். தெருவைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அப்பா கையைக் கிடையாக வைத்து மெல்லத் தாழ்த்தினார். மறுபடி செருப்பில் தலையை வைத்துக்கொண்டாள்.